தறிச் சத்தத்தில் மட்டும் கேட்ட காது

சென்ற மாதம், நான் முன்பு வேலை பார்த்த சேலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் கேமரா கருவியைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அறுவை அரங்கின் சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு திரை. அதில் யாரோ ஒருவருடைய செவிப்பறை முத்துச் சிப்பியின் உட்புறம் போல வெளுத்து மினுங்கிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும், துணி மடித்துக்கொண்டிருந்த ஆயா உட்பட, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்படிப்பு மாணவி ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தத் திரை இல்லாத காலத்தில் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். காது தெரியாது, முகம் தெரியும் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்குவதற்குள் வேறு யாரோ கூப்பிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குத்தான் அந்தக் கேள்வி விடவில்லை. மத்தியானம் படுத்தால் கண்ணுக்குள் பச்சைத் துணியும் அதன் கீழே ஒரு முகமும் வந்து நிற்கின்றன.

அப்போதெல்லாம் நுண்ணோக்கிக்குள் பார்ப்பது ஒரே ஒரு ஜோடிக் கண்தான். அது தலைமை மருத்துவருடையது. காது வழியாகத்தான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறது. அறுவையின்போது கருவி அதைத் தொட்டுவிட்டால் அந்தப் பக்கத்து உதடு லேசாக இழுக்கும். அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். மேசைக்கு மறுபுறம், நோயாளியின் மேல் போர்த்திய துணியைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த வேலை. பச்சைத் துணி வழியாக வடிகட்டி வரும் வெளிச்சத்தில் எல்லா முகங்களும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரியும். என் முதல் வருடங்களின் காது அறுவைகளை நான் அப்படி முகங்களில்தான் பார்த்தேன்.

நான் ஆத்தூர்ப் பக்கம். மருத்துவம் படித்து, வாழப்பாடியைச் சுற்றிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல வருடம் காய்ச்சலும் பிரசவமும் பார்த்து, கல்யாணம் ஆகி, மகன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் மேற்படிப்புக்கு வந்தேன். காது மூக்கு தொண்டை எனக்குப் பிடித்து வந்த துறை இல்லை. கிடைத்தது. ஆத்தூருக்கும் சேலத்துக்கும் ஒரு மணி நேரப் பயணம்தான் என்றாலும், மேற்கே சங்ககிரி, திருச்செங்கோட்டிலிருந்து வருகிறவர்கள் பேசும் ‘ஊடு’ம் ‘ஏனுங்க’வும் பழக எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மகன் வயதுப் பையனையும் சாமி என்பார்கள், என்னையும் சாமி என்பார்கள். எதற்குத் திரும்புவது என்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் திரும்புவேன்.

எங்கள் தலைமை மருத்துவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக எங்களை வா போ என்றுதான் சொல்லுவார். கோபம் வந்தால் மரியாதை கூடும். “அந்தக் கத்தரிய எடு” என்றால் நல்ல மனநிலையில் இருக்கிறார். “எடுங்க” என்றால் ஏதோ தப்பு. “கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா” என்று அவர் சொன்ன அன்று, நர்ஸ் முதல் மயக்க மருத்துவர் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் அறுவை தொடங்கும் முன் ஒன்று செய்வார். கை கழுவி உறை மாட்டுவதற்கு முன்னால் நோயாளியின் பக்கத்தில் வந்து, அறுக்கப்போகிற காதின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். பேச மாட்டார். பிறகுதான் கழுவப் போவார். அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. ஒரு கிழவர் மட்டும் கேட்டார். காது சில்லுன்னு இருந்தா ஊசி வலிக்குமுங்க, அதுக்குத்தான் என்று அவரிடம் சொன்னாராம்.

மேட்டூர் மீனவர் வந்த அன்றுதான் சீஃப் எப்படிப்பட்ட வைத்தியர் என்று எனக்குத் தெரிந்தது. நீர்த்தேக்கத்தில் பரிசலில் நின்று வலையிலிருந்து மீன் கழற்றும்போது, இரண்டு கையும் வேலையாக இருந்ததால், ஒரு மீனைப் பல்லில் கடித்துப் பிடித்திருக்கிறார். ஜிலேபி மீன். அது துள்ளித் தலைகீழாகத் தொண்டைக்குள் போய்விட்டது. ஆம்புலன்சில் உட்கார்ந்தபடியே கொண்டுவந்தார்கள். நெஞ்சுக்கூடு தெரிய மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் வால் தெரிந்தது. மேல்சட்டை முழுக்க அணைத் தண்ணீர் வாசம்.

பார்த்த யாருக்கும் அந்த வாலைப் பிடித்து இழுக்கத்தான் தோன்றும். எங்களில் ஒருவர் இடுக்கியோடு கிட்டே போனார். சீஃப் அவர் மணிக்கட்டைத் தொட்டார். பின்னால் இழுத்தால் முதுகு முள் குடை மாதிரி விரிந்து தொண்டைச் சுவரில் குத்திக்கொள்ளும் என்று மெதுவாகச் சொன்னார். கழுத்தில் துளை போட ஆயத்தமாக ஒருவரை நிறுத்திவிட்டு, மீனவரின் எதிரில் ஸ்டூல் போட்டு முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்தார். பிறகு எல்லோரும் பதறும்படி, விரலால் மீனைக் கொஞ்சம் உள்ளேதான் தள்ளினார். முள் படுத்தது. வளைந்த கத்தரியால் படுத்த முள்ளை ஒவ்வொன்றாக நறுக்கினார். ஒவ்வொரு நறுக்குக்கும் முன்னால், “இப்ப மூச்ச விடுங்க சாமி, இப்ப இழுங்க” என்று தாலாட்டுகிற குரலில் சொன்னார். கடைசியில் மீன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தட்டில் வைத்ததும் மீனவர் இருமினார், துப்பினார், தட்டை எட்டிப் பார்த்தார். கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி, உசுரு இருக்குதுங்களா என்பது. மீனுக்கு இல்லை என்றார் சீஃப்.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் காலை நேரம் பெரிய சத்தமாக இருக்கும். நோயாளிகளின் சத்தம்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்கள், லாரி ஓட்டினவர்கள், விசைத்தறிக் கொட்டகைக்காரர்கள். வருடக்கணக்கில் இரைச்சலில் நின்று உள்காது நரம்பு தேய்ந்தவர்கள். தங்கள் குரலே தங்களுக்குச் சரியாகக் கேட்காததால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது போலப் பேசுவார்கள். பேச்சின் உரத்தை வைத்தே என்ன கோளாறு என்று பாதி ஊகித்துவிடலாம்.

அந்தச் சத்தத்தின் நடுவில்தான் தனம் வந்தாள். சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை என்ற ஊரில் விசைத்தறி ஓட்டுகிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும். கூடவே கணவர் குமரேசன் வந்திருந்தார். அவரும் தறிக்காரர். தறிக் கொட்டகையிலிருந்து வருகிறாள் என்பதால் இன்னொரு தேய்ந்த நரம்பு என்று நினைத்துக்கொண்டு என்ன தொந்தரவு என்று கேட்டேன். அவள் என் உதட்டைப் பார்த்துவிட்டு, காது கேக்கலீங்க என்றாள். நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. அத்தனை சின்னக் குரல். காது கேட்காத ஒருத்தி இவ்வளவு மெல்லப் பேசுகிறாளே என்று மனதில் ஒரு ஓரத்தில் பட்டது.

குமரேசனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. குழந்தை பிறந்த பிறகுதான் இப்படி ஆனதாம். வீட்டில் அவருடைய அம்மா கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், குழம்பு பொங்கி வழிந்தாலும் தெரியாது. ஆனால் தறி ஓடும்போது கொட்டகையில் எல்லாம் கேட்கிறது. அத்தனை தறியும் ஓடுகிற இரைச்சலில் அங்கே யார் என்ன பேசினாலும் இவளுக்குத்தான் முதலில் தெரிகிறது. அவர் என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தி, “நடிக்கறாளோன்னு அம்மா சொல்லுதுங்க. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோணுதுங்க” என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவருக்கு அதைச் சொல்வதில் சந்தோஷம் இல்லை என்று தெரிந்தது.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. நான் அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றி நின்றது. ஜன்னலுக்கு வெளியே இருந்த ஜெனரேட்டர் இரைந்து கிளம்பியது. மேசை மேல் இருந்த கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் நடுங்கின. அறையில் எல்லோரும் குரலை உயர்த்தினார்கள், நானும்தான். சீட்டைப் பார்த்துக் குனிந்தபடியே, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். அவள் என் வாயைப் பார்க்க முடியாது. உடனே பதில் வந்தது. அவளுடைய அம்மாவுக்கும் இருந்ததாம், இரண்டாவது பிள்ளை பெற்றதும் வந்ததாம். நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சோளச்சோறுங்க என்றாள்.

ஜெனரேட்டர் உறுமலில் குமரேசனுக்கு நான் பேசுவது சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

புத்தகத்தில் படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பது அன்றுதான். நடுக்காதில் மூன்று சின்ன எலும்புகள் உண்டு. கடைசி எலும்பு குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியின் வடிவத்தில், அரிசி மணியை விடச் சின்னதாக இருக்கும். சிலருக்கு அது இறுகிப்போய் அசையாமல் நின்றுவிடும். பரம்பரையாக வரும், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மோசமாகும். அப்படிப்பட்டவர்களுக்குத் தறியின் உறுமல் உள்ளே போவதில்லை. ஆனால் அந்த உறுமலை மீறப் பக்கத்தில் இருப்பவர்கள் கத்திப் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு மட்டும் தெளிவாகப் போய்ச் சேரும். தங்கள் சொந்தக் குரல் மண்டை எலும்பு வழியாக உள்ளுக்குள் பெரிதாகக் கேட்பதால் மெல்லப் பேசுவார்கள்.

மின்சாரம் திரும்பி வந்ததும், தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இசைக்கவையை எடுத்துத் தட்டி அவள் காதருகே பிடித்தேன். தலையை ஆட்டினாள், கேட்கவில்லை. அதன் காலைக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினேன். அவள் கண் பெரிதானது. “மணி அடிக்குதுங்க” என்றாள். மணி ஓயும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குமரேசனிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் நடிக்கவில்லை என்று சொன்னேன். அவர் வெகுநேரம் இசைக்கவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மனைவியிடம் ஏதோ சொல்லப் போனவர், அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

சீஃப் பரிசோதித்தார். அறுவை செய்யலாம் என்றார். இறுகிய எலும்பின் மேல்பகுதியை எடுத்துவிட்டு, அதன் அடித்தட்டில் ஊசி முனை அளவு துளை போட்டு, ஒரு சின்னஞ்சிறு பிஸ்டனை நிறுத்த வேண்டும். துளைக்குக் கீழே உள்காதின் நீர். அங்கே கை பிசகினால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். எனவே மோசமான வலது காதில் முதலில் செய்வது என்று முடிவானது. இதையெல்லாம் அவளுக்கு நான்தான் உதடு பிரித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஒரு காதுதான போகும் என்றாள்.

அந்த அறுவையை நோயாளி விழித்திருக்கும்போதே, காதை மட்டும் மரத்துப்போகச் செய்துதான் அவர் செய்வார். தலை சுற்றுகிறதா, கேட்கிறதா என்று உடனுக்குடன் கேட்டுக்கொள்ள வேண்டும். தனத்தின் விஷயத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு சிக்கல் வந்தது. அவள் உதட்டைப் பார்த்துப் பேச்சை வாங்குகிறவள். அரங்கில் எல்லோரும் வாய்க்கவசம் போட்டிருப்போம். கத்திப் பேசினால் கேட்கும், ஆனால் நுண்ணோக்கிக்குள் ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் கத்த முடியாது. கவசம் மூக்குக்குக் கீழே இறங்கினாலே “வெளிய காத்தாட நின்னுட்டு வாரீங்களா” என்று கேட்கும் சீஃப், முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, துணிக்கு உள்பக்கம் நீ கவசம் இல்லாமல் உட்கார் என்றார். அப்போது நான் புதியவள் இல்லை. முகம் பார்க்கும் ஸ்டூலிலிருந்து எழுந்து வருடங்கள் ஆகியிருந்தன. அன்று மறுபடியும் அதில் உட்கார்ந்தேன்.

அவர் உள்ளங்கையை அவள் காதில் வைத்தார். கழுவப் போனார். நான் துணியைத் தூக்கிப் பிடித்தேன். பச்சை வெளிச்சத்தில் அவள் முகமும் என் முகமும் மட்டும். வெளியே கருவிகள் தட்டில் படும் ஓசை, குளிர்சாதனத்தின் முனகல். அவளுக்கு அதுவும் இல்லை. கண்ணை என் வாயின் மேல் வைத்திருந்தாள்.

ஊசி போடுகிறார் என்று உதட்டால் சொன்னேன். செவிப்பறையைப் போர்வை மடிப்பது போல ஓரத்திலிருந்து மடிக்கிறார் என்றேன். அரங்கில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. முகம் இழுத்தால் இழுக்கிறது என்று சொல்ல மாட்டோம், நோயாளி பயந்துவிடுவார். ‘சிரிப்பு’ என்போம். ஒரு பக்க உதடு இழுப்பது பாதிச் சிரிப்பு மாதிரிதான் இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் சீஃப் கையை எடுத்துவிடுவார்.

எலும்பு அசைகிறதா என்று தொட்டுப் பார்க்கும் கட்டம் வந்தது. அசையவில்லை என்று அவர் சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு கருவி தட்டுக்குப் போகவும் இல்லை, தட்டிலிருந்து வரவும் இல்லை. பிறகு அவர் குரல், இன்னும் ஒல்லியாக: “நரம்பு மேல படுத்திருக்குது.”

சிலருக்கு அப்படி இருக்கும். முகத்து நரம்பு தன் எலும்புக் குழாயிலிருந்து பிதுங்கி, கிளை மேல் சோம்பிக் கிடக்கும் பாம்பு மாதிரி, துளை போட வேண்டிய தட்டின் மேல் தொங்கும். மிச்சம் தெரிவது ஒரு பிறை அளவு இடம். அதில் வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். பலர் மடித்ததை மூடிவிட்டு வந்துவிடுவார்கள். அதில் தப்பு கிடையாது.

அவர் நரம்பின் ஓரத்தைத் தொட்டிருக்க வேண்டும். தனத்தின் வலது உதடு ஒரு தடவை துடித்தது. சிரிப்பு என்றேன். அவர் கை விலகியது.

“அந்தப் பொண்ணுகிட்டக் கேளு” என்றார். “என்ன நிலமைன்னு சொல்லிட்டுக் கேளு.”

நான் சொன்னேன். இவ்வளவு கவனமாக என் வாழ்க்கையில் நான் உதடு பிரித்துப் பேசியதில்லை. முகத்து நரம்பு வழியில் கிடக்கிறது. செய்தால் இந்தப் பக்கம் முகம் கோணிக்கொள்ளலாம். காது மொத்தமாகப் போகவும் போகலாம். இப்படியே மூடிவிட்டால் வந்த மாதிரி திரும்பிப் போகலாம். என்ன செய்யட்டும்.

அவள் யோசித்தாள். கண்ணோரத்திலிருந்து ஒரு சொட்டு காதுப் பக்கம் வழிந்தது, துணியில் போய் ஊறியது.

“அவரு கை நடுங்குதுங்களா?” என்று கேட்டாள்.

நான் துணியை விலக்கி எட்டிப் பார்த்தேன். நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் அவருடைய இரண்டு கையும் அவள் தலைமாட்டில் பதிந்து, தூங்குகிற புறாக்கள் மாதிரி இருந்தன. திரும்பி வந்து, இல்லை என்றேன்.

“அப்பச் செய்யச் சொல்லுங்க.”

அவர் செய்தார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவள் முகம். துளை விழுந்த கணத்தில் அவள் விழிகள் லேசாக ஒரு பக்கம் ஓடி ஓடித் திரும்பின. தூரியாடுகிற மாதிரி இருக்குதுங்க என்றாள். ஊஞ்சலாடுகிற மாதிரி இருக்கிறதாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் காத்திருந்தார். அவள் விழிகள் நிலைக்கு வந்ததும் தொடர்ந்தார். பிஸ்டனின் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, நரம்பைச் சுற்றிக்கொண்டு போகும்படி இறக்கினார் என்று பிற்பாடு அவரே சொன்னார். அப்போது அவர் மூச்சு மட்டும் கேட்டது, தறியில் குறுக்கு நூலோடு நாடா போய் வருகிற மாதிரி ஒரே சீராக.

பிறகு அந்த முகம் மாறியது. உதடு விரிந்தது. சிரிப்பு என்று கத்திவிட்டேன். சீஃப் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். தட்டில் ஏதோ கணீரென்று விழுந்தது. அவள் கண் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அப்போதுதான் பார்த்தேன், உதடு இரண்டு பக்கமும் விரிந்திருந்தது.

“ரெண்டு பக்கமுங்க சார்” என்றேன்.

சோதிப்பதற்கு அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நோயாளியின் தலைக்குப் பின்னாலிருந்து, கவசத்துக்குள்ளேயே, அவர்கள் ஊர்ப் பெயரை முணுமுணுப்பார். இளம்பிள்ளை என்று அவர் முணுமுணுத்தது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

தனம் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

“ஆருங்க எங்கூரச் சொன்னது? நீங்க வாயே தொறக்கலீங்களே.”

ஒரு வாரம் காதில் அடைப்போடு இருந்தாள். தும்மக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. தலை சுற்றல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாக்கின் ஒரு பக்கத்தில் சோறு இரும்பு மாதிரி இருப்பதாகச் சொன்னாள். அதுவும் போய்விடும் என்றேன். முகம் கோணவில்லை. ஆனால் அடைப்பை எடுக்கும் வரை எதுவும் நிச்சயமில்லை. மேசையில் கேட்ட காது அந்த ஒரு வாரத்துக்குள் அணைந்துபோனதும் உண்டு.

அடைப்பு எடுத்த காலையில் சீஃபும் அறையில் இருந்தார். கடைசித் துணுக்கை நான் இழுத்து எடுத்ததும், தனம் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். திரைச்சீலையின் வளையம் நகர்ந்ததற்குத் திரும்பினாள். யாரோ சீட்டைக் கிழித்ததற்குத் திரும்பினாள். தன் புடவைத் தலைப்பை விரலிடுக்கில் கசக்கி, காதுக்கு அருகில் வைத்துக் கேட்டாள். வருடக்கணக்கில் நெய்துகொண்டிருந்தவளுக்குத் துணி ஒரு சத்தம் போடும் என்பது மறந்துபோயிருந்தது. பின்னால் நின்ற குமரேசன் மெதுவாகத் தனம் என்றார். திரும்பினாள். அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வராந்தாவில் குமரேசனின் அம்மா குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னோம். குழந்தை நித்யாவுக்கு அப்போது நான்கு வயது இருக்கலாம். ஓடி வந்து அம்மாவின் மடியில் ஏறியது. இரண்டு கையாலும் அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே திருப்பியது. பேசியது.

தனத்தின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனதை நான் பார்த்தேன்.

“போயிருச்சுங்க” என்றாள். “இவ பேசறது கேக்கலீங்க.”

சீஃப் இசைக்கவையைத் தேடிக் கையை நீட்டினார். குழந்தை இன்னும் பேசிக்கொண்டிருந்தது, அவசர அவசரமாக, கண்ணை உருட்டி, தலையை ஆட்டி. நான் ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தேன். எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் குழந்தை வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

மாமியாரைப் பார்த்தேன். அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார், எங்களிடமெல்லாம் நன்றாக வாயடிப்பாள், அவள் அம்மாவிடம் மட்டும் எப்போதும் இப்படித்தான் என்று. சத்தம் அம்மாவுக்குப் போய்ச் சேராது என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தக் குழந்தை கண்டுபிடித்திருந்தது. பேசக் கற்ற நாளிலிருந்து அம்மாவுக்கென்று சத்தமில்லாத ஒரு பேச்சை வைத்திருந்தது. தனம் தன் மகள் அழுது கேட்டிருக்கிறாள். பேசிக் கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

நான் விஷயத்தைச் சொன்னேன். சத்தமாகப் பேசு கண்ணு என்று குழந்தையிடம் சொன்னேன். அது என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அம்மாவின் தாடையை மறுபடி திருப்பி, மறுபடி வாயை மட்டும் அசைத்தது. குமரேசன் சொல்லிப் பார்த்தார். பாட்டி அதட்டிப் பார்த்தார். குழந்தை மிரண்டு உதட்டை இறுக மூடிக்கொண்டது.

தனம் யாரையும் பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தூக்கம் வருகிறவள் போல, கண்ணை மூடிக்கொண்டாள்.

குழந்தை தாடையை ஆட்டியது. கண் திறக்கவில்லை. இமையின் மேல் விரல் வைத்துத் தள்ளிப் பார்த்தது. கண் திறக்கவில்லை. சுற்றி நிற்கும் எங்களைப் பார்த்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. சீஃப் இசைக்கவையைக் கையில் வைத்தபடி நின்றார்.

“அம்மா, கண்ணத் தொறம்மா” என்றது குழந்தை.

கொஞ்சம் கரகரத்த, கனமான குரல். அந்த உடம்புக்குப் பெரிய குரல். தனம் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இன்னொருக்கா சொல்லு சாமி என்றாள். குழந்தைக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இன்னொரு முறை சொன்னது. சீஃப் இசைக்கவையை மேசையில் வைத்துவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் தனம் வருடத்துக்கு ஒரு முறை காதைக் காட்ட வந்துகொண்டிருந்தாள். இப்போது தறிச் சத்தம் அவளுக்கும் மற்றவர்களுக்குக் கேட்பது போலவே கேட்கிறது. பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாளாம். கொட்டகையில் யார் என்ன பேசுகிறார்கள் என்று முன்பு போலத் தெரிவதில்லையாம். முன்னெல்லாம் ஊர்க்கதை பூராவும் எங்காதுக்குத்தான் மொதல்ல வருமுங்க என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டாள். குரலும் மாறியிருந்தது. எல்லோரையும் போலச் சாதாரணமாகப் பேசினாள். நான் குனிய வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் இடது காதிலும் செய்துகொள்ளச் சொல்வேன். அதற்குள் நானே அந்த அறுவையைச் செய்கிறவளாகி இருந்தேன். அவளும் சரிங்க, பாக்கலாமுங்க என்பாள். ஒரு வருடம் கொஞ்சம் வற்புறுத்தினேன். பயமா என்று கேட்டேன். பயமில்லை என்றாள். சொல்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தயங்கினாள்.

“சாயங்காலம் வேலை முடிஞ்சு படுத்தன்னா, கேக்கற காத தலவாணில வச்சு அமுத்திக்குவனுங்க. அக்கம் பக்கத்துத் தறியெல்லாம் அப்படியே நின்னுரும். ஊடு, வாசல், ரோடு, ஒண்ணுமே இருக்காதுங்க. பழசு மாதிரியே ஆயிரும். கொஞ்ச நேரம் அங்க இருந்துட்டு வாரனுங்க.”

சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்பது போல என் முகத்தைப் பார்த்தாள். நான் காது பார்க்கும் விளக்கை அணைத்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, அடுத்த வருடம் வந்தால் போதும் என்றேன். இடது காதைப் பற்றி அதற்குப் பிறகு அவளிடம் நான் பேசவில்லை.